நனையாத டாப்பு

யுத்தத்துக்கு முந்தின காலம். எங்கள் அப்பாவின் காருக்குத் துணி டாப்பு. அதை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். இரும்பு வளைவுகளை நிமிர்த்தி, தோல்வாரை இழுத்துக் கட்டி, பக்கவாட்டில் படுதாக்களை மாட்டி முடிப்பதற்குள் மழையே விட்டுவிடும். பெரியம்மா மகளைக் கட்ட வந்த மோகனூர் மாப்பிள்ளை வீட்டுக் காரோ புத்தம்புதிது. டிரைவர் ஒற்றைக் கையால் இழுத்தால் டாப்பு மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கண்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் காரை யாராவது குறை சொன்னால் கோபம் வரும். ஆனால் ஏறுவதற்கு அந்தப் புதுக்கார்தான் வேண்டும்.

அந்த அக்காவின் கல்யாண ஊர்வலத்தன்று என்னை அதில் ஏற்றவில்லை. பெரியம்மாவுக்குத் துணையாக எங்கள் பழைய காரில் அடைத்துவிட்டார்கள். பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். தாலி இழந்தவள் மணமக்கள் கண்ணில் படக்கூடாது, பெற்ற தாயாக இருந்தாலும். முகூர்த்தத்தின்போதும் அவள் உள்ளறையில்தான் கிடந்தாள். ஊர்வலத்தையாவது பார்க்கட்டும் என்று அப்பா காரைக் கடைவீதி முனையில் நிறுத்தி, டாப்பை ஏற்றி, படுதாக்களை மாட்டி, அவளை உள்ளே உட்கார வைத்திருந்தார். படுதாக்களில் கையகல மைக்கா சன்னல்கள் உண்டு. உள்ளேயிருந்து பார்க்கலாம், வெளியே ஒருவருக்கும் தெரியாது. அப்பா அக்காவின் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டு வைத்தாராம். அம்மா பின்னால் சொன்னாள்.

உள்ளே ஒரே புழுக்கம். நான் நெளிந்தேன், சீட்டை உதைத்தேன், இன்னும் வரவில்லையா என்று பிய்த்தெடுத்தேன். "செத்த நேரம் சும்மா இரு சாமி, மேளம் கேக்குது பாரு" என்றாள் பெரியம்மா. மைக்காவை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

ஊர்வலம் முனை திரும்பியது. அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. டிரைவர் ஒரே இழுப்பில் டாப்பை மூடிவிட்டான். பின்சீட்டை அந்தத் துணி முழுக்க மறைத்துக்கொண்டது. மாலையும் தெரியவில்லை, அக்காவும் தெரியவில்லை.

"போச்சே" என்றாள் பெரியம்மா. என் கையை அவள் நெரித்ததில் எனக்கு வலித்தது.

கார் எங்களருகே வந்ததும் நின்றது. டாப்பு இறங்கியது. அக்கா பட்டுச்சேலையோடு நனைந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குடைபிடித்து நடந்துவந்த மாமியார் பதறிப்போனாள். "எதுக்குக் கண்ணு டாப்பை எறக்கச் சொன்னே? பட்டெல்லாம் நனையுதே!"

"புழுக்கமா இருக்குதுங்க அத்தை" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முகத்தை எங்கள் பக்கம் திருப்பி, கார் நகரும்வரை அந்தப் படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நனைகிறவளுக்கு நனையாத காரின் மேல் ஏக்கம் வராதா? "பாருங்க பெரியம்மா, புதுக்காருல உக்காந்துக்கிட்டு அக்கா நம்ம டாப்பையே பாக்குது!" என்று கத்தினேன்.

பெரியம்மா திரும்பவில்லை. "ஆமாஞ்சாமி, நம்ம டாப்பைத்தான் பாக்குது" என்றாள்.

பெரியம்மாவே ஒப்புக்கொண்ட பிறகு வேறு சாட்சி எதற்கு? எங்கள் கார்தான் ஜெயித்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.