பாட்டிலில் பிறந்த வாழை

எனக்கு வாய்த்த இரண்டு மனைவிகளும் நோயில் போய்ச் சேர்ந்தார்கள். அதன்பின் பம்பாயில், தாராவியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தேன். ஓயாமல் பேசுகிற எனக்கு அங்கே பேச்சுத்துணை சுவர்தான். எண்பதுகளின் கடைசியில் செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவும் வேலை. வாழைக் குருத்தைக் கடுகளவாக நறுக்கி, பாட்டிலுக்குள் கூழில் வைத்து, ஒன்றிலிருந்து நூறு கன்று எடுப்பார்கள். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவன் நான். கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போவேன்.

அவளிடமும் சொன்னேன். மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் மாவு ஆட்டுகிறவள், முப்பத்தைந்து வயது, அண்ணன் வீட்டில் இருந்தாள். எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்திருந்தார்கள். ஒருநாள் டிபன் பையில் ஒரு பாட்டிலை ஒளித்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இம்புட்டுக் குட்டிக்கு அம்மைக்காரி யாரு?"

"அம்மை, பிள்ளைன்னு தனியா கிடையாது. இதுவும் அதே வாழைதான், ஆபீஸ்ல அடுக்கி வச்சிருக்க நூறும் அதே வாழைதான்."

"நல்ல கூத்தால்லா இருக்கு!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு பாட்டில் கொண்டுபோயிருப்பேன்.

இரண்டு மனைவியைப் பறிகொடுத்தவனுக்கு மூன்றாவதும் நிலைக்காது என்று எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு பயம். அதனால் மாப்பிள்ளை முதலில் ஒரு வாழைக்குத் தாலி கட்டி, அதை வெட்டிச் சாய்த்துவிட்டுத் தலை முழுகுவான். மூன்றாவது சாவை வாழை வாங்கிக்கொள்ளும். வருகிற பெண் நாலாவது. மாட்டுங்கா மார்க்கெட்டில் கல்யாண வாசலுக்கு விற்பதெல்லாம் வேரில்லாத தண்டு.

"வேரோட, உசிரோட நிக்கணும்," என்றார் பூசாரி.

என் அறை வாசலில் எண்ணெய் டின்னில் ஒன்று இடுப்பளவு நின்றது. ஆய்வுக்கூடத்தில் கழித்துப்போட்ட கன்று, நான் வளர்த்தது. இதைவிடப் பொருத்தமானது வேறு எது என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்குக் குறித்த ஞாயிறு காலை, எல்லோர் முன்னாலும் அதன் அடித்தண்டில் தாலி கட்டினேன். அவள் அண்ணன் கொடுத்த அரிவாளால் கயிற்றுக்கு மேலே வெட்டினேன். தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் கேட்டாள்.

"இது அந்தப் பாட்டில் வாழையா?"

"ஆமா, நம்ம ஆபீஸ்ல பொறந்ததுதான்!" பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்பம் மிச்சமெல்லாம் அங்க உசிரோடதான இருக்கு? எல்லாம் ஒண்ணுன்னு நீங்கதான சொன்னிய?"

பூசாரி கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார்.

"இல்ல... ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி உசிரு," என்றேன்.

"அன்னைக்கு ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா?" என்றான் அண்ணன். "என்ன மாப்ள, ஊரு உலகத்துல ஒரு வாழையக் கட்டுவான். நீரு நூறைக் கட்டிட்டு வந்து நிக்கீரு!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பக்கத்தில் சுனாபட்டியில் ஒரு வீட்டுக் கொல்லையில், மண்ணில் முளைத்த வாழை நிற்கிறது, ஒரு மணி நேரத்தில் கொண்டுவருகிறேன் என்றேன். பூசாரி தலையை ஆட்டினார். "தாலி ஏறியாச்சு. இது சாகலன்னா உம்ம மூணாவது சம்சாரம் உசிரோட இருக்கா. அவ இருக்கையில இன்னொண்ணுக்கு எப்பிடிக் கட்டுவீரு?"

"உங்க மேல கோவமில்ல," என்றாள் அவள். "எனக்குச் சாவப் பயமா இருக்கு."

அவ்வளவு நேராக என்னிடம் யாரும் பேசியதில்லை. முதல் இரண்டு பேருக்குப் பயப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். வெட்டுப்பட்ட தண்டின் நடுவில் வெளிர்பச்சையாய்க் குருத்து அரை விரல் ஏறியிருந்தது. வெட்டிய வாழை அப்படித்தான் எழும்பும், எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும், நீ சொன்னது சரிதான், இது சாகவில்லை என்று ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவளைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்ல முடியும்?

மஞ்சள் கயிறு கட்டியபடியே இருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ரயிலில் பக்கத்தில் இருந்தவர், "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

பாட்டில் கழுவுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.