பூஜையில் வைத்த வெளிநாட்டு நாவல்

போன வாரம் பாக்டரி கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஃபிட்டர் துலுக்காணம் பேப்பரை என் முன்னால் நீட்டினார். உலகத்திலேயே பெரிய இலக்கியப் பரிசு யாரோ ஒரு வெளிநாட்டு எழுத்தாளருக்குக் கிடைத்திருக்கிறதாம். போட்டோவும் போட்டிருந்தது. பேர் என் வாயில் நுழையவில்லை. நுழைந்தாலும் சொல்லமாட்டேன்!

"இன்னா நைனா, நீயும்தான் வாரா வாரம் எழுதிக்கினு கீற. உன் பேரு வரலியே?"

சிரித்து வைத்தேன். பாதி டீயோடு எழுந்துவிட்டேன். அந்த எழுத்தாளர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? ஒன்றுமில்லை. இருந்தாலும்...

பட்டாபிராமில் வீட்டுக்குள் நுழைந்தால், அங்கேயும் அதே முகம். அவருடைய நாவல் ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பை என் மனைவி லைப்ரரியில் தேடிப் பிடித்து எடுத்து வந்திருந்தாள். மூன்று நாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஒரு பக்கத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் பத்தாவது தாண்டாதவன். ஏதோ ஆண்டவன் புண்ணியத்தில் ஒன்பது வருஷமாக இந்தப் பத்தியை உங்களுக்கு எழுதுகிறேன். ஒருநாளும் அவள் கண் கலங்கியதில்லை. படித்தாயா என்று கேட்டால், நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். உலகம் கொடுக்காவிட்டால் போகட்டும். இவளுமா?

சரஸ்வதி பூஜை வந்தது. பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி காலை வரைக்கும் தொடக்கூடாது. அவள் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். நாவலில் கடைசிப் பத்துப் பக்கம் பாக்கி — பால் கார்டைச் சொருகி அடையாளம் வைத்திருந்தாள். நைசாக எடுத்தேன். பூஜைக்கு அடுக்கியிருந்த பிள்ளைகளின் பாடப் புத்தகங்களுக்கு அடியில் தள்ளினேன். எல்லாவற்றுக்கும் மேலே என் பத்திகளை ஒட்டிய நோட்டு.

தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவன், சரஸ்வதித் தாய் முன்னாலேயே இந்தக் காரியம் செய்தேன். கை கூசவில்லை.

அவள் வந்து பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். அடியில் கிடந்ததையும் உருவி, அட்டைப் படத்தில் அவர் நெற்றியிலேயே பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடினேன். சரஸ்வதி வரவில்லை. பொட்டு வைத்த வெளிநாட்டுக்காரர்தான் வந்தார்.

மறுநாள் காலை மறுபூஜை. வைத்த புத்தகங்களில் ஒன்றை எடுத்து நாலு வரியாவது படிக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். எதை எடுப்பாள்? என் நோட்டையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரைத்தான் எடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து பத்துப் பக்கத்தையும் முடித்தாள்.

மனசு தாங்கவில்லை. பொறாமையில் வேண்டுமென்றேதான் ஒளித்து வைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். சாமிக்கும் தெரியும்" என்றாள். புத்தகத்தை மூடி, அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க... இவ்ளோ எழுதுறாரே, இவரு ஊட்டாண்ட தண்ணி லாரி வந்தா குடத்த யாரு தூக்கிக்கினு ஓடுவாங்க?"

"அவர் பெண்டாட்டிதான்" என்றேன்.

"பாவம், அந்தம்மா."

தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. ரெண்டு குடத்தோடு ஓடினேன் — வரிசையில் நான்தான் முதல்!