"நாளைக்கு வா" என்றவருக்கு ஒரு பரீட்சை

நிலக்ஷி தன் கொப்பியில் பிள்ளையார் சுழி போடமாட்டாள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "நாளைக்கு வா" என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழேதான் பாடத்தைத் தொடங்குவாள்.

அந்தச் சொற்கள் கணேசமூர்த்தியுடையவை. வட்டகொடைக்கு மேலே உள்ள அவர்களின் தேயிலைத் தோட்டத்தில் அவர் ஆபீஸ் கிளாக்கர். நிலக்ஷியின் அம்மா அம்மாக்கண்ணு முப்பது வருசம் கொழுந்து பறித்துவிட்டு வேலையிலிருந்து நின்றபோது, சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதிக்குப் படிவம் நிரப்பிக் கைநாட்டு வாங்கியவர் அவர்தான். பணம் பாதிதான் வந்தது.

தோட்டம் புதுக் கம்பனிக்குக் கைமாறியபோது எல்லாருக்கும் நிதிக்கணக்கில் புது நம்பர் கொடுத்திருந்தார்கள். அதோடு பழைய நம்பர் செத்துப்போனது என்றுதான் லயத்து வீடுகளில் எல்லாரும் நினைத்தார்கள். அம்மாக்கண்ணு பழைய அட்டையை மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். பாதிப் பணம் வந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஜன்னலுக்குப் பதினொரு தடவை நடந்தாள். பதினொரு தடவையும் கணேசமூர்த்தி தலையைத் தூக்காமலே, "நாளைக்கு வா" என்றார். கடைசித் தடவை நல்ல மழை. படியில் ஏறியவளை, "சேத்துக் காலோட மேல ஏறாத, கீழ நில்லு" என்றார். பக்கத்தில் குடை பிடித்து நின்றவள் நிலக்ஷி. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். பரீட்சை முடித்திருந்தாள்.

அந்த மாதமே கம்பனி ஓர் அறிவித்தல் ஒட்டியது. இனிமேல் சேமலாப நிதி வேலை பார்ப்பவர் அதற்கான சான்றிதழ்ப் பரீட்சையில் பாஸாகியிருக்க வேண்டும். வெளியாரும் எழுதலாம்.

"அந்த நாற்காலி எனக்கு வேணும்மா."

"வேலைக்காடி, வம்புக்கா?"

"ரெண்டுக்கும்."

பரீட்சைக்கான கைநூல் சிங்களத்தில் இருந்தது. ஏழு மாதம் அதை வரிவரியாகத் தமிழில் எழுதினாள். உதாரணங்களில் "ஊழியர்" என்று வந்த இடமெல்லாம் அம்மாக்கண்ணு. தவறு செய்த அலுவலர் வந்த இடமெல்லாம் கணேசமூர்த்தி. ஆறாம் அத்தியாயத்தில் அவள் தேடியது கிடைத்தது: இரண்டு நம்பர் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் படிவம்.

"களவாணி, தெரிஞ்சேதான் செஞ்சிருக்கான்" என்று பேனை முறிகிற மாதிரி அடிக்கோடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் பரீட்சை. வரிசையில் அவளுக்கு முன்னால் கணேசமூர்த்தி நின்றார். அவருக்கு அது இரண்டாந் தடவை.

"அம்மாக்கண்ணு மகதானே நீ? ஒண்ணு கேக்கணும் புள்ள. ரெண்டு நம்பர் இருந்தா, பழையது புதுசோட தானாவே சேந்துரும்ல? போன தடவை அப்பிடித்தான் எழுதினேன்."

நிலக்ஷிக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த ஆளுக்கு உண்மையாகவே தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் அம்மாவைப் பதினொரு நாள் நடக்கவிட்டிருக்கிறார். திருடியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"நாளைக்கு வாங்கய்யா."

"நாளைக்கா? பரீட்சை இன்னைக்குல்ல!" அவர் சிரித்தார். எதுவும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

நான்காவது கேள்வி அதுதான்.

அவள் பாஸானாள், அவர் பெயிலானார். அவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டு, ஜன்னலுக்கு உள்ளே அவளை உட்காரவைத்தார்கள். முதல் நாளே அம்மாவின் இரண்டாவது படிவத்தை அனுப்பினாள்.

அடுத்த வருசம் கணேசமூர்த்தி ஓய்வு பெற்றார். தன் படிவத்தோடு ஜன்னலுக்கு வந்தார். அதில் புது நம்பர் மட்டும்தான் இருந்தது.

"பழைய நம்பர் எங்கங்கய்யா?"

சட்டைப் பைக்குள்ளிருந்து மங்கிப்போன அட்டையை எடுத்தார். "இந்தா இருக்கு. இதுக்கும் படிவம் இருக்கா புள்ள?"

படிவம் அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நிலக்ஷி தலையைத் தூக்கவில்லை.

"நாளைக்கு வாங்க."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார். நிலக்ஷி மேசை லாச்சியிலிருந்து பழைய கொப்பியை எடுத்து ஒரு கோடு போட்டாள். பதினொன்றில் இன்னும் பத்து இருந்தது.