பின் சீட்டுக்காக இரண்டு தரம்

அமெரிக்காவில் ப்ளூஸ் என்றொரு பாட்டு உண்டாம். உழைத்துக் களைத்த கறுப்பின மக்கள் பாடியதை முதன்முதலில் தாளில் எழுதி நாடறியச் செய்தவரை அங்கே தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களாம். வளைகுடாவில் அந்த வேலையைச் செய்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கம்பி கட்டுகிற வேலைக்கு ஓமானின் சோஹாருக்கு வந்தவன், இன்று தோஹா நஜ்மாவில் இரண்டு ஓட்டல் நடத்துகிறவன் சொல்கிறேன்.

சோஹார் கேம்பிலிருந்து சைட்டுக்கு ஒரு மணி நேர பஸ். ஏ.சி. கிடையாது, ஜன்னலெல்லாம் திறந்தே இருக்கும். அந்த இரைச்சலில் தினம் ஒரு பாட்டுக் கட்டுவேன். அதில் ஒன்று ஊரெல்லாம் சுற்றியது:

லீவு கேட்டா கஃபீலு சொல்றான் மாஃபி மாஃபி
லீவு கேட்டா கஃபீலு சொல்றான் மாஃபி மாஃபி
வேலையின்னா விடியுமுன்னே யல்லா யல்லா

கஃபீல் என்றால் நம்மை விசாவில் எடுத்த முதலாளி, யல்லா என்றால் கிளம்பு, மாஃபி என்றால் இல்லை. எல்லாம் இங்கே வந்த முதல் வாரமே காதில் விழுகிற சொற்கள். ஆள் மாறி ஆள் மாறி அந்தப் பாட்டு சவூதியின் தம்மாம் வரைக்கும் போய்விட்டது.

தோஹா தமிழர்களின் போன பொங்கல் விழாவில், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் அதை மேடையில் பாடினார். நன்றாகவே பாடினார், என் அளவுக்கு இல்லை. பிறகு கோட்டுப் போட்ட தொகுப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"யார் எழுதினதுன்னே தெரியாத பாட்டு இது. முதல் வரி ரெண்டு தடவை வர்றது, சோகத்தை அழுத்திச் சொல்ற மரபு."

பெற்றவன் எதிரே உட்கார்ந்திருக்கப் பிள்ளையை அநாதை என்றால்? எழுந்துவிட்டேன்.

"தம்பி, அது நான் கட்டின பாட்டு."

அரங்கம் சிரித்தது. "அங்கிள், தம்மாம்லயே மூணு பேர் இப்படிச் சொல்றாங்க. ஆதாரம் இருக்கா?"

"சோகமும் இல்ல, மரபும் இல்ல. பஸ் சத்தத்துல பின் சீட்டுக்காரனுக்கு மொத வரி கேக்காது. 'கேக்கல'ன்னு கத்துவான். மறுபடி பாடுவேன். அவ்வளவுதான்."

சிரிப்பு கூடியது. "உக்காருங்க, மானம் போகுது," என்று என் மனைவி சட்டையை இழுத்தாள். பாடிய பெண்தான் இறங்கி வந்து மைக்கை நீட்டினார்.

"பாடுங்க ஐயா, கேப்போம்."

இரண்டு கையாலும் வாங்கினேன். மைக் கனம் அப்படி. முதல் வரியைப் பாடி நிறுத்தினேன். அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. போச்சு என்று நினைத்தேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு கட்டைக் குரல் எழுந்தது. "கேக்கல!"

திரும்பினேன். தலை நரைத்த மூன்று பேர். சோஹார் பஸ்ஸின் பின் சீட்டேதான்.

"கேக்கலண்ணே! இன்னும் தொண்டை கிழியல போலிருக்கே!"

மைக்கைக் கொடுத்துவிட்டு வெறுந்தொண்டையில் மறுபடி பாடினேன். மூன்றாம் வரியை எனக்கு விடவில்லை, அரங்கமே பாடியது. தொகுப்பாளர் தன் தாளில் எதையோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் அந்தப் பெண்தான் ப்ளூஸ் கதையைச் சொன்னார். "அதுலயும் முதல் வரி ரெண்டு தடவை வரும் ஐயா."

"அவங்களுக்கும் ஒரு பின் சீட்டு இருந்திருக்கும்மா," என்றேன்.