பச்சை மூங்கில்

ஒரு காலத்தில் எந்தப் புத்தகத்திலும் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, முழுவதும் கற்றவனைப் போலப் பேசுவேன். அந்தத் திறமையால் ஓர் உயிர் போயிருக்கிறது.

ஐம்பதுகளில் ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டின் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு மார்கழியில், வெளிநாட்டு மிருகக்காட்சிசாலைக்குப் போகவேண்டிய சிவப்புப் பாண்டா ஒன்று கப்பல் தாமதத்தால் கூண்டோடு எங்களிடம் தங்கியது. பூனையைவிடச் சற்றுப் பெரிய இமயமலைப் பிராணி. கூட வந்த தழைக்கட்டைப் படுக்கை என்று நினைத்து எறியச் சொன்னேன். கலைக்களஞ்சியத்தில் அதைப் பற்றிய குறிப்பு ‘மாமிச உண்ணி இனம்’ என்று ஆரம்பித்தது. உடனே மூடிவிட்டு மீன் வாங்கிப் போட்டேன். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அது எழ முடியாமல் படுத்த பிறகுதான் மிச்சத்தைப் படித்தேன்: வசந்தத்தில் மூங்கில் குருத்து, மழைக்குப் பின் பழங்கள், குளிர்காலம் முழுக்க மூங்கில் இலை.

இலையோடு பச்சை மூங்கில் பாடை கட்டுபவரிடம்தான் கிடைக்கும். ஓடினேன்.

“யாருக்கு நைனா?” என்றார்.

“இன்னும் உயிர் இருக்குப்பா.”

“அப்பால இன்னாத்துக்கு இப்டி ஓடியாற?”

பாண்டா ஓர் இலைக்கொத்தை மனிதனைப் போலக் கையில் பிடித்துக்கொண்டது. மெல்லவில்லை. பிடித்தபடியே இறந்தது.

அன்று முதல் எதையும் கடைசி வரி வரை படிக்கிறேன். அதனால் அந்தப் பாண்டா பிழைத்து வரப்போவதில்லை.

கூண்டருகே உட்கார்ந்திருந்த என்னிடம் கிடங்குக் காவல்காரர் சொன்னார்: “வுடு சார். மூங்கிலு வீணாவல. அதுலயே கட்டித் தூக்கிகினு போயிடலாம்.”