பொன்னுதாஸ் டிரைவரின் கத்தரிக்கோல்

கொல்லயில் ஊரில் பொன்னுதாஸை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே அரசு பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். ஸ்டாப் இல்லாத இடத்தில் கை காட்டினால் நிறுத்தமாட்டார். கை காட்டுவது சொந்த மாமியாராக இருந்தாலும் சரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் ஓய்வு பெற்றபோது, வீட்டில் சும்மா இருக்க அவருக்குத் தெரியவில்லை. மனைவி விமலகுமாரி மீன்கறி வைக்கும்போது பக்கத்தில் நின்று புளி கூடிப்போச்சு, உப்பு குறைஞ்சுபோச்சு என்றார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள் அவள்.

"உங்களுக்கு வேற ஒரு ஜோலியும் இல்லியா? அந்த ஞானையன் அண்ணனையாவது போய்ப் பாத்துட்டு வாருங்க."

ஞானையன் வாழைக்குலை வியாபாரி. அப்போதெல்லாம் காலையில் முதல் பஸ்ஸில் குலைகளோடு ஏறுவார். அவற்றை எங்கே வைப்பது என்று அவருக்கும் டிரைவருக்கும் தினமும் சண்டை. பலாமரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டதிலிருந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் சில வருடங்களாகக் கட்டிலோடு கிடந்தார். பொன்னுதாஸ் ஆரம்பத்தில் ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு போனார். அப்புறம் போகவில்லை.

இப்போது போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஞானையனுக்குத் தோள்வரை முடி, நெஞ்சுவரை தாடி. உள்ளே வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஜின்சிக்கு அடுத்த வாரம் சபைக் கோயிலில் கல்யாணம். ஞானையன் வரமாட்டேன் என்கிறார்.

"இந்தக் கோலத்துல நான் சபையில வந்து இரிக்கவா? மாப்பிள வீட்டுக்காரனுவ பயந்து ஓடுவானுவ."

"அப்பா வரேல்லேன்னா நானும் சபையில கேறமாட்டேன்," என்றாள் ஜின்சி. "இந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு தாலி கெட்டட்டும்."

ஞானையனின் மனைவி சரோஜம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாறசாலை சந்திப்பு முடிவெட்டுக்காரரை வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு தடவை ஆள் அனுப்பினார்களாம். அன்று கடையில் கூட்டம், அவர் வரவில்லை. மறுபடி கேட்கக் கூச்சமாகிவிட்டதாம்.

"இவ்வளவுதானா? நான் வெட்டுதேன்," என்றார் பொன்னுதாஸ்.

"நீரா?"

"மலை மாதிரி பஸ்ஸை ஓட்டினவன் ஆக்கும். ஒரு தலைய வெட்டப்பிடாதா?"

விமலகுமாரி துணி வெட்டும் கத்தரிக்கோல் வந்தது. இடப்பக்கம் கொஞ்சம் குறைந்தது. அதைச் சமப்படுத்த வலப்பக்கம் வெட்டினார். அது அதிகமாகிவிட, மறுபடி இடப்பக்கம். உச்சியில் ஒரு திட்டு வெள்ளையாகத் தெரிந்தபோது அவர் கை நின்றது. ஞானையன் கண்ணாடி கேட்டார். பார்த்தார். அவர் வயிறு குலுங்கியது. அடுத்த நிமிடம் வீடு அதிரச் சிரித்தார். அடுக்களையிலிருந்து சரோஜம் ஓடிவந்தாள். அந்தச் சத்தம் அந்த வீட்டில் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

"ஓய் டிரைவரே! நீரு வண்டி ஓட்டினதும் இப்பிடித்தானா? நாங்கல்லாம் உயிரோட இரிக்கியது பெரிய காரியம்!"

பொன்னுதாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. வியர்த்துவிட்டது. அன்று செவ்வாய்க்கிழமை, முடிவெட்டுக் கடைகளுக்கு லீவு. பாறசாலை சந்திப்பில் கடை வைத்திருக்கும் சுயம்புவின் வீட்டுக்கு நேராகப் போனார்.

"சுயம்பு, ஒரு மனுசனை நாசமாக்கிட்டேன். நீ வந்து காப்பாத்தணும்."

"வண்டியில அடிச்சிட்டியளா?" என்று சுயம்பு பதறி எழுந்தார்.

விஷயம் தெரிந்ததும் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். ஞானையனின் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இத வெட்டின கையைக் கொஞ்சம் காட்டுங்க, பாப்போம்," என்றார். பிறகு பொறுமையாக ஒட்ட வெட்டி, தாடியை வழித்து, மீசையை அழகாக ஒதுக்கிவிட்டார். முகம் துடைத்துவிட்டபோது ஞானையன் பத்து வயது குறைந்திருந்தார்.

"கல்யாணத்துக்கு ரெண்டு மாப்பிளயா?" என்றாள் சரோஜம். சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டாள்.

பெட்டியை மூடும்போது சுயம்பு சொன்னார்: "இன்னொருக்கா ஆள் அனுப்பியிருந்தா வந்திருப்பேனே. செவ்வாய்க்கிழமை முழுக்க நான் சும்மாதானே இரிக்கேன்."

கல்யாணத்தன்று நாலு பேர் ஞானையனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் பொன்னுதாஸ், "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று ஹாரன் மாதிரி கத்திக்கொண்டே நடந்தார். ஜின்சி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே சபைக்குள் போனாள்.

சாப்பாட்டுப் பந்தியிலேயே ஒருத்தி பொன்னுதாஸின் காதில், தன் மாமனாரும் இப்படித்தான் கிடக்கிறார் என்றாள். அடுத்தவள், தன் சித்தியைப் பற்றிச் சொன்னாள். கட்டிலோடு கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போகும் செவ்வாய்க்கிழமைகள் அப்படித்தான் தொடங்கின. சுயம்பு வெட்டினார். பெண்கள் கிடக்கும் வீடுகளுக்கு விமலகுமாரியும் சபைப் பெண்கள் இரண்டு பேரும் போய்த் தலை குளிப்பாட்டி, பேன் சீவி, நகம் வெட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஈசாக் தன் ஜீப்பைக் கொடுத்தார். பொன்னுதாஸுக்குக் கத்தரிக்கோலைத் தொட மட்டும் அனுமதி இல்லை. ஜீப் ஓட்டுவதும் வெந்நீர் போடுவதும் அவர் வேலை. சில வீடுகளில், "எங்க அம்மைய நாங்க பாக்கமாட்டமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். கோபித்துக்கொண்டு திரும்புவார். அடுத்த வாரம் அதே வீட்டில் தண்ணீர் குடிக்க வந்ததுபோல் போய் நிற்பார்.

ஒருநாள் ஞானையன், "என்னையும் கூட்டிட்டுப் போவும்," என்றார்.

"நீரு வந்து என்ன செய்ய?"

"முடிவெட்டுக் கடைன்னா பேச ஒரு ஆள் வேண்டாமா?"

அவரையும் நாற்காலியோடு ஜீப்பில் ஏற்றினார்கள். அன்று போனது காரோட்டுக் கடற்கரையில், வள்ளத்தில் போய் மீன்பிடித்த நார்பர்ட் வீட்டுக்கு. பக்கவாதம் வந்ததிலிருந்து நார்பர்ட் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்றாள் அவர் மனைவி பெர்த்தா. சுயம்பு தாடியில் சோப்பு தடவினார். ஞானையன் பேச ஆரம்பித்தார். மழை, பஸ், வாழைக்குலை எல்லாம் பேசி முடித்து, கடைசியில், "இந்தக் கடப்பொறத்துக்காரனுவ மீனுக்குச் சொல்லுத விலை பெரிய அநியாயமாக்கும்," என்றார்.

நார்பர்ட் சோப்பு நுரையோடு தலையைத் தூக்கினார். நாக்கு குழறியது. ஆனாலும் வார்த்தை தெளிவாக வந்தது.

"போலே! நீ ஒரு நாளு வள்ளத்துல கேறிப் பாரு!"

பெர்த்தா வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானையன் விடவில்லை; பதிலுக்கு வாழைக்குலையின் கஷ்டங்களை எடுத்து வைத்தார். சவரம் முடிந்த பிறகும் சண்டை முடியவில்லை. ஜீப் கிளம்பும்போது பெர்த்தா பின்னாலேயே வந்து ஞானையனிடம் சொன்னாள்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை கொஞ்சம் நேரத்தே வாருங்க அண்ணா. அவரு பாக்கியும் பேசணுமாம்."