பன்றி மூக்கும் விமலாவின் தும்மலும்

பன்றியின் மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்து, அதில் ஒட்டிவரும் கிருமி என்ன குலம், என்ன கோத்திரம் என்று தரம் பிரிப்பதுதான் எழுபதுகளில் எனக்குச் சோறு போட்ட தொழில். ஹைதராபாத்தில் ஒரு ஆய்வகம். பெயர் வேண்டாம், பென்ஷன் வாங்குகிறேன். “என்ன வேலை?” என்று சொந்தக்காரர்கள் கேட்டதும் பேச்சை மாற்றிப் பழகிய வாசகர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த அவஸ்தை புரியாது.

நோயாளியைப் பார்த்த விதம்

மல்காஜ்கிரியில் ரயில்பாதையோரம் பிலோமினா அக்கா பன்றி வளர்த்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். கணவர் போனபிறகு பிள்ளைகளைக் காப்பாற்றியது அந்தப் பன்றிகள்தான். திடீரென்று எல்லாம் இரும ஆரம்பித்தன. இரண்டு செத்தும் போயின. எங்கள் மேலதிகாரி சேஷாத்ரி சார் கறாராகச் சொல்லிவிட்டார்: “நீ எடுத்துட்டு வர்ற சளியிலேருந்து தட்டுல கிருமி வளர்ந்தா ஊசி போட்டுப் பிழைக்க வெச்சுடலாம். வளரலைன்னா இது வைரஸ், பன்றிக் காய்ச்சல், மருந்து கிடையாது. சனிக்கிழமை மிச்சத்தையும் கொன்னு புதைக்க எழுதிடுவேன்.”

நான் குச்சியும் கையுமாகப் பட்டிக்குள் இறங்கினேன். நோயாளிக்கு என் நோக்கம் உடனே புரிந்துவிட்டது. நான் அதைத் துரத்தப் போக, அது என்னைத் துரத்த, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பட்டியை வலம் வந்தேன். அக்கா வேலியில் சாய்ந்தபடி ஆறுதல் சொன்னார்: “பயப்படாத டாக்டரம்மா, ஒடம்பு சரியில்லாத பன்னி, மெதுவாத்தான் ஓடும்!”

சாம்பாரா?

ஆய்வகத்துக்குத் திரும்பும் ஹப்சிகுடா பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. குச்சிகளை ஐஸோடு டிபன் கேரியரில் வைத்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்திருந்த ஒரு தமிழம்மாள், “சாம்பாரா?” என்று ஆசையாகக் கேட்டார். எனக்குப் பொய் வராது. “பன்னி மூக்குச் சளி” என்றேன். அவர் அதைத் தெலுங்கிலும் உருதுவிலும் பஸ் முழுக்க அறிவித்தார். அடுத்த ஸ்டாப்பில் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது. நான் ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்தேன். கண்டக்டர், செகந்திராபாத் தமிழர்களிடம் கற்ற தமிழில் சொன்னார்: “தினம் இந்த டப்பா கொண்டு வா அம்மா, உனக்கு டிக்கெட் நக்கோ, வேண்டாம்!”

மடி ஆசாரம்

சேஷாத்ரி சார் ஆய்வகத்தை மடிச் சமையலறை மாதிரி வைத்திருந்தார். ஆட்டு ரத்தம் கலந்த ஜெல்லித் தட்டுகளில் சளியைத் தடவி வைத்தோம். நோய்க்கிருமி ஒன்றுகூட வளரவில்லை. வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி கடைசித் தட்டில் சளியைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, கடும் ஜலதோஷத்தோடு வந்திருந்த சக ஊழியர் விமலா, மூடி திறந்திருந்த அந்தத் தட்டின் மேலேயே ஒரு தும்மல் போட்டாள். “தீட்டுப் பட்டுடுத்து! தூக்கிப் போடு!” என்று சார் கத்தினார். வேறு தட்டு அன்றைக்குத் தயாராக இல்லை. கெட்டது கெட்டது என்று அதையே சூட்டுப்பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் காலை திறந்து பார்த்தால், விமலாவின் மூக்குக் கிருமிகள் கொழுத்த வட்டங்களாக வளர்ந்திருந்தன. அவற்றைச் சுற்றி மட்டும், பொடிப்பொடியாக, பன்றியின் கிருமி! தனியாக விட்டால் வளரவே வளராத ஜாதி அது. பக்கத்து வீட்டுக் கிருமி சமைத்துப் போட்டால்தான் சாப்பிடும். சுத்தம் சுத்தம் என்று நாங்கள்தான் அதைப் பட்டினி போட்டிருக்கிறோம்! நான் வராந்தாவில் ஓடி, ஆடி, பியூனின் டீயைத் தட்டிவிட்டேன். சார் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார், கொலை உத்தரவை ஓரமாக வைத்தார். ஆனால் உறுதிப்படுத்த இன்னொரு தட்டு வேண்டுமாம். லீவ் லெட்டரோடு நின்ற விமலாவின் பக்கம் திரும்பினார்: “ஜலதோஷம் போறவரைக்கும் உனக்கு லீவ் கிடையாது. எங்கே, இன்னொரு தரம் தும்மு!”

நாமகரணம்

விமலா தும்மினாள், கிருமி வளர்ந்தது, பன்றிகளுக்கு ஊசி போட்டார்கள். சில நாளில் அவை தீனித் தொட்டிக்காக முட்டிமோதிச் சண்டை போட ஆரம்பித்தன. பிலோமினா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன். பிறகு அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, “வந்தது இன்னா நோவு?” என்று கேட்டார். “ஹீமோஃபைலஸ் ப்ளூரோநிமோனியே” என்று நான் பெருமையாக ஒப்பித்தேன். அக்கா தன் பன்றிகளை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தார்: “இம்மாம் நீளப் பேர மூக்குல வெச்சிக்கினா, பன்னி இருமாம இன்னா செய்யும்?”

ஆக, அரசாங்கம் வாங்கித் தந்த சுத்தமான தட்டுகளெல்லாம் சேர்ந்து குழிதோண்டப் பார்த்த ஒரு குடும்பத்தின் பிழைப்பை, கர்ச்சீப் கொண்டுவர மறந்த ஒருத்தி காப்பாற்றினாள் என்பதுதான் என் ஆராய்ச்சி வாழ்க்கையின் மொத்தச் சாதனை.